காலணியும் காலனியும்

சிறுபத்திரிகையில் செருப்புக் கம்பெனியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். கவிஞர். நல்ல கவிஞர் என்ற அபிப்பிராயத்தை நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் 'செருப்பு' என்ற சொல்லைச் சொன்னபோது அவர் உதட்டில் ஒரு சுளிப்பு வந்துபோயிற்று. அந்தச் சுளிப்புக்குத்தான் இந்தப் பதில். அவர் ஒருவரிடம் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். நம் வட்டம் முழுவதிலும் இருக்கிறது. என்னிடமும் வெகுகாலம் இருந்தது.

விவகாரம் இதுதான். 2023 ஏப்ரல் 17-ஆம் தேதி தைவானின் பௌ சென் குழுமத்தைச் சேர்ந்த ஹை குளோரி ஃபுட்வேர் என்ற நிறுவனத்தோடு தமிழக அரசு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இடம் உளுந்தூர்பேட்டை சிப்காட். முதலீடு ரூ. 2,302 கோடி, 12 ஆண்டுகளில். வேலை 20,000 பேருக்கு. உளுந்தூர்பேட்டை என்றால் என் ஊரான சின்னசேலத்திலிருந்து சேலம் சாலையில் கிழக்கே கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து வந்த மாவட்டம் இது. இதற்குப் பெரிய ஆலை என்று சொல்லிக்கொள்ள இருந்தவை மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். மற்றபடி சேகோ பாக்டரிகள், மக்காச்சோள மண்டிகள், அரிசி ஆலைகள். இப்படிப்பட்ட இடத்துக்கு, நைக்கிக்கும் அடிடாஸுக்கும் காலணி செய்துகொடுக்கும், உலகில் இந்தத் தொழிலில் மிகப் பெரியதென்று பெயர்பெற்ற கம்பெனி வருகிறது.

இதைப் பற்றி நம்மில் எவரும் எழுதவில்லை என்று சொல்லமாட்டேன். எழுதாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும்படி சிலர் பேசினார்கள். கிராமம் போய்விட்டது, மண் போய்விட்டது, பன்னாட்டு மூலதனத்தின் கொடுங்கரம் நீண்டுவிட்டது. கேட்கும்போது ஒரு சந்தேகம் வருகிறது. எந்தக் கிராமம் போய்விட்டது என்கிறார்கள்?

நான் பார்த்த கிராமத்தைச் சொல்கிறேன். மரவள்ளிக்கிழங்கு லாரி வந்து சேகோ பாக்டரி வாசலில் கொட்டும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து தோல் சீவுவார்கள். விடியலில் ஆரம்பித்தால் இடுப்பு மரத்துப்போகும்வரை. கிழங்குப் பாலின் புளித்த வாடை ஊரின் ஒரு பக்கத்தையே பிடித்திருக்கும். கரும்பு வெட்டுக்கு ஆணும் பெண்ணும் ஜோடியாகப் போவார்கள். கணக்கு ஜோடிக்குத்தான் எழுதப்படும், பெண்ணின் கைக்கு எதுவும் தனியாக வராது. மலைக்குப் போனால், கல்வராயனில் 1976 வரை ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். நாடு விடுதலையடைந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து அங்கே அரசாங்கம் போய்ச் சேர்ந்தது. போன அரசாங்கம் என்ன செய்தது என்பதை இன்றைக்கும் மலைப்பாதையில் ஒரு பயணம் போனால் தெரிந்துகொள்ளலாம். பெண் பிள்ளைகள் ஊரில்தான் இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கு 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்களகரமான பெயரில் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்தெல்லாம் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் போனார்கள். முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அது கல்யாணத்துக்கு. நடுவில் ஓடிவந்தால் அதுவும் இல்லை. அதாவது பாக்டரி 2023-இல் இங்கே வரவில்லை. நம் பெண்கள் எப்போதோ பாக்டரியைத் தேடிப் போய்விட்டார்கள். நாம் அந்தச் சமயத்தில் படிமம் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே 'கிராமம் அழிகிறது' என்று அழுகிறவர்களிடம் என் முதல் கேள்வி, அந்தக் கிராமத்தில் உமக்கு எத்தனை ஏக்கர் இருந்தது என்பதுதான். விரசமான கேள்வி என்று தோன்றலாம். ஆனால் நம் மண்வாசனை எழுத்தில் பெரும்பகுதி பட்டாதாரரின் வாரிசு பட்டணத்தில் உட்கார்ந்து எழுதியது என்ற விஷயம் நம் விமர்சகர்களுக்குத் தெரியாததல்ல, சொல்லக் கூச்சம். களை பறித்தவள் எழுதியிருந்தால் அந்த மண்ணுக்கு வேறு வாசனை இருந்திருக்கும்.

இப்போது அந்தச் சுளிப்புக்கு வருகிறேன்.

தமிழில் காலணி, காலனி என்று இரண்டு சொற்கள். ஒரு ணகரத்துக்கும் ஒரு னகரத்துக்கும்தான் வித்தியாசம். ஒன்று காலுக்கு இடுவது. இன்னொன்று ஆங்கிலத்திலிருந்து வந்து, நம் கிராமங்களில் சேரிக்கு மறுபெயராகி, கடைசியில் சர்க்கார் கெஜட்டிலும் பஸ் நிறுத்தத்திலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவித்தார்கள். நல்லது. ஆனால் இரண்டு சொற்களுக்கும் ஊரில் வேறொரு சம்பந்தம் உண்டு. காலனிக்காரர் காலணி போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் எழுதப்படாத சட்டமாக இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்த கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்திலேயே அதைத் தைத்துக் கொடுத்தவன் யார், அவனுக்கு ஊரில் என்ன பெயர், என்ன இடம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். 'செருப்பு' என்றால் நண்பருக்கு உதடு சுளிப்பது அழகியல் ரசனையினால் அல்ல. அது பழைய பழக்கம்.

இந்தப் பின்னணியில் 20,000 பேர் காலணி செய்யும் கூடம் ஒன்று இங்கே எழும்புவதில் ஒரு விஷயம் இருக்கிறது. அங்கே ஊர்ப்பெண்ணும் காலனிப்பெண்ணும் ஒரே வரிசையில் நின்று ஒரே ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டவேண்டும். ஒரே பஸ்ஸில் போகவேண்டும். ஒரே நீண்ட மேஜையில் சாப்பிடவேண்டும். ஊர் இதைத் தானாகச் செய்திருக்காது. நூறு சீர்திருத்தக் கூட்டங்களும் செய்யவில்லை. 'தோல் அல்லாத காலணி' என்று அரசு 2022-இல் கொண்டுவந்த காலணிக் கொள்கையிலிருந்து எல்லா அறிவிப்புகளிலும் ஓதப்படுகிறதே, தோல் இல்லை என்றதும் தீட்டும் இல்லை என்று ஊர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளும். வேடிக்கைதான். ஆனாலும் ஜாதியை மூலதனம் கரைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே போதும், அந்த நம்பிக்கை போய்விடும். கரைப்பதற்கு ஒரு சந்தர்ப்பம் என்ற அளவில் அதை வரவேற்கிறேன். ஆலை வேண்டும். இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதை வைத்து என்னை ராட்டைக்காரர்களோடு சேர்த்துவிடுவார்கள்.

ஏப்ரல் 17-இல் ஒப்பந்தம். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 21-ஆம் தேதி, சட்டசபைக் கூட்டத்தொடரின் கடைசி நாளில், தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தினசரி ஒன்பது மணி நேரம் என்ற வரம்பைத் தளர்த்திப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்வது. வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, நான்கு நாள் வேலை செய்தால் மூன்று நாள் விடுப்பு, தொழிலாளி விரும்பினால் மட்டுமே என்றார்கள். மசோதாவைக் கொண்டுவந்த தொழிலாளர் நலத்துறை அமைச்சர் எங்களுக்குப் பக்கத்துத் திட்டக்குடிக்காரர், சி.வெ. கணேசன். எந்தத் தொழில்களுக்கு இது என்று அமைச்சர்கள் விளக்கியபோது மின்னணுத் தொழிலோடு தோல் அல்லாத காலணியும் பட்டியலில் இருந்தது. கர்நாடகம் அதே வருஷம் பிப்ரவரியில் இதைச் செய்து முடித்திருந்தது. பக்கத்து மாநிலம் செய்துவிட்டால் நாமும் செய்யாவிட்டால் கம்பெனி அங்கே போய்விடும் என்ற தர்க்கம். ஏலத்தில் மாடு விற்கிறவனுடைய தர்க்கம்.

'தொழிலாளி விரும்பினால்' என்ற சொல்லாட்சியை ஒரு மொழி விமர்சகன் என்ற முறையில் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறேன். சின்னசேலத்திலிருந்து ஆலைக்குப் போகிற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேர வேலை. போகவர பஸ்ஸில் இரண்டரை மணி, பஸ்ஸுக்குக் காத்திருப்பது தனி. பதினைந்து மணி ஆயிற்று. மீதி ஒன்பதில் சமையல், துணி, தண்ணீர்க்குடம், பிள்ளை. தூக்கம் எத்தனை மணி என்று நீங்களே கழித்துப் பாருங்கள். மூன்று நாள் விடுப்பு என்பது அவளைப் பொறுத்தமட்டில் கூலியில்லாத வேலை மூன்று நாள். இந்த நிலையில் அவள் 'விரும்புகிறாள்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது எவ்வளவு சுலபம் என்பதை அறியக் கம்பெனி நிர்வாகவியல் படிக்கவேண்டியதில்லை. சுமங்கலித் திட்டத்துக்குப் போனவர்களும் விரும்பித்தான் போனார்கள்.

கூட்டணிக் கட்சிகள் எதிர்த்தன. கம்யூனிஸ்டுகளும் விடுதலைச் சிறுத்தைகளும் வெளிநடப்புச் செய்தார்கள். தி.மு.க.வின் சொந்தத் தொழிற்சங்கமே ஒத்துக்கொள்ளவில்லை. ஏப்ரல் 24-இல் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாள் சென்னை மே தினப் பூங்காவில் அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் 1923-இல் சென்னையில் முதல் மே தினம் கொண்டாடிச் சரியாக நூறு வருஷம். நூற்றாண்டு நாளில் எட்டு மணி நேரம் பிழைத்தது. பத்து நாளில் ஒரு சட்டம் பிறந்து செத்தது. ஜனநாயகம் ஜெயித்தது என்று எழுதினார்கள்.

ஜெயித்ததை நான் மறுக்கவில்லை. எப்படி ஜெயித்தது என்று கேட்கிறேன். கூட்டணிக் கணக்கு இருந்ததால் ஜெயித்தது. அடுத்த வருஷம் பார்லிமெண்ட் தேர்தல் இருந்ததால் ஜெயித்தது. சென்னையிலும் ஆவடியிலும் எண்ணூரிலும் பழைய சங்கங்களுக்கு இன்னமும் கொஞ்சம் எலும்பு இருந்ததால் ஜெயித்தது. உளுந்தூர்பேட்டைக்காகப் போடப்பட்ட சட்டத்தைத் திரும்பப் பெற்றதில் உளுந்தூர்பேட்டையின் குரல் ஒன்று கூட இல்லை. கணக்கு மாறினால் என்ன ஆகும்? 2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு அமலுக்குக் கொண்டுவந்தது. பூங்காவில் செத்தது வேறு வாசல் வழியாக வர நினைத்தால் நெடுந்தூரம் நடக்கவேண்டியதில்லை.

அதே ஏப்ரல் 21-இல், அதே சபையில், இன்னொரு சட்டமும் நிறைவேறியது. நம்மில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது? சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டம் வரும் இடத்தில் நடுவே ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால் அந்த நிலத்தையும் சேர்த்துக் கைமாற்ற வழி வகுப்பது. விவாதம் நடக்கவில்லை. யாரும் திரும்பப் பெறவில்லை. அது சட்டமாகவே நிலைத்தது. மணிக்கணக்கு சங்கத்துக்குப் புரிந்தது, ஏரிக்குச் சங்கம் இல்லை. அந்த வருஷம் நவம்பரில் திருவண்ணாமலை மாவட்டம் மேல்மாவில், செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று போராடிய விவசாயிகளில் ஏழு பேர்மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. கூச்சல் கிளம்பியதும் படிப்படியாகத் திரும்பப் பெற்றார்கள். செய்யாறு சிப்காட்டில் ஏற்கனவே இருப்பதும் ஒரு தைவான் காலணிக் கம்பெனியின் ஆலைதான், அது ஃபெங் டாய். இதையும் நான் சொல்லித்தானே நம் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மேற்கு வங்கத்தில் சிங்கூருக்கு 2006-இல் டாடா கார் வந்தது. இரண்டு வருஷத்தில் போய்விட்டது, முப்பத்துநான்கு வருஷ ஆட்சியும் 2011-இல் போய்விட்டது. அங்கே கம்பெனி வந்தால் ஆட்சி ஆடுகிறது. இங்கே கம்பெனி வந்தால் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் யார் கொண்டுவந்தது என்று சண்டை போடுகின்றன. கொண்டுவந்தது என்னவாயிற்று என்பதில் இருவருக்கும் அக்கறை இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது எத்தனை பேர் பெருமைப்பட்டார்கள். 2014 நவம்பர் முதல் தேதி உற்பத்தி நின்றபோது வெளியே வந்த ஆயிரக்கணக்கான பெண்களைப் பற்றித் தமிழில் ஒரு நாவல் இல்லை. இல்லையென்று சொல்வதில் எனக்குச் சந்தோஷமில்லை.

நம் ஆட்களுக்கு இன்னொரு வியாதி உண்டு. தொழிலாளிப் பெண் என்றால் உடனே பரிதாபம். விரல் தேய்ந்தவள், கண் குழிந்தவள், பசையின் நெடியில் இருமுகிறவள். கவிதை ஆயிற்று. ஆனால் இதே பௌ சென்னின் சரித்திரம் வேறு விதமாக இருக்கிறது. இந்தக் குழுமத்தின் யூ யுவென் ஆலை சீனாவில் டோங்குவான் நகரில் இருந்தது. 2014 ஏப்ரலில் அங்கே நாற்பதாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். சமூகக் காப்பீட்டுக்குக் கம்பெனி கட்டவேண்டியதைக் குறைத்துக் கட்டியது பற்றிய சண்டை. சுயேச்சையான சங்கம் என்ற ஒன்றையே சட்டம் அனுமதிக்காத நாட்டில். அடுத்த வருஷம் 2015 மார்ச் கடைசியில் ஹோசிமின் நகரத்து பௌ யுவென் ஆலை நின்றது. வேலையை விட்டால் காப்பீட்டுப் பணத்தை மொத்தமாக எடுத்துக்கொள்ளும் உரிமையைப் புதிய சட்டம் பறித்துவிட்டது என்பதற்காகப் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள், சாலைக்கு வந்தார்கள். ஒரு வாரம். வியட்நாமின் தேசிய சபை அந்த ஷரத்தைத் தளர்த்தவேண்டியதாயிற்று. கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் நாட்டில் சட்டத்தை மாற்றியது ஷூ தைத்த பெண்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம். 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஓசூர் சாலையை மறித்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி கட்டிய பங்கை ஐம்பத்தெட்டு வயது வரை எடுக்க முடியாது என்ற விதிக்கு எதிராக. இரண்டாவது நாளே டில்லி அந்த விதியைக் கைவிட்டது. பெரிய தொழிற்சங்கங்கள் செய்தி கேட்டுத்தான் வந்தன. சைகோனிலும் பெங்களூரிலும் சண்டை ஒன்றேதான் என்பதைக் கவனியுங்கள். என் பணம், மொத்தமாக, என் கையில், இப்போது. ஓய்வூதியம், எதிர்காலப் பாதுகாப்பு என்றெல்லாம் படித்தவர்கள் அவர்களுக்குப் புத்தி சொன்னார்கள். அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது என்னவென்றால், இந்த வேலையில் யாரும் ஐம்பத்தெட்டு வயது வரை நிற்பதில்லை. நாற்பதுக்குள் கம்பெனி வெளியே தள்ளிவிடும், அல்லது கண்ணும் முதுகும் தள்ளிவிடும். தங்கள் ஜீவனத்தைப் பற்றி அரசாங்கத்தைவிடத் துல்லியமான கணக்கு அவர்களிடம் இருந்தது. அந்தக் கணக்குதான் இலக்கியத்துக்கு விஷயம் என்கிறேன். இருமல் அல்ல.

சாம்சங் விவகாரம் எல்லாருக்கும் தெரியும். 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கி 37 நாள். சம்பளத்தைவிடப் பெரிய சண்டை சங்கத்தைப் பதிவு செய்வதில் வந்தது. பெயரில் 'சாம்சங்' என்று வரக்கூடாது என்ற ஆட்சேபம் வந்தது. கூட்டணியில் இருந்துகொண்டே மார்க்சிஸ்டுகள் அரசோடு மோதவேண்டி வந்தது. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது, அதுவும் ஐகோர்ட் போன பின். ஒரு பெயருக்கு இத்தனை. சொற்களோடு பிழைப்பு நடத்துகிற நாம் அந்த ஒரு பெயர்ச்சொல் சண்டையில் என்ன செய்தோம்? அது நம்முடைய துறை அல்லவா?

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிறருக்கு உபதேசம் செய்கிறவனாகிவிடுவேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தபோது நான் ஒரு கவிதை எழுதினேன். ஒன்பது வரி. அச்சிட்டும் வந்தது, இரண்டு பேர் பாராட்டி எழுதினார்கள். அந்த வீடுகளில் அடுத்த மாதத்திலிருந்து சம்பாதிக்கவேண்டியவள் யார், எங்கே போவாள், என்ன கூலிக்கு, எத்தனை மணி நேரம் என்ற கேள்வி எனக்கு அந்த ஒன்பது வரியில் வரவில்லை. சாவு வந்தது, நிலா வந்தது. அந்தக் கவிதையை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில். ஆலை பற்றி அபிப்பிராயம் சொல்லும்படி நம்மை யாரும் கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை. ஆனால் சில எளிய விஷயங்களை நாம் எழுதி வைக்கலாம். நிரந்தர வேலையா, ஒப்பந்தக்காரர் மூலமா. மொழி தெரியாத மேற்பார்வையாளர் திட்டும்போது என்ன சொல் சொல்கிறார். மேல்பாகம் தைப்பவள் ஒரு மணிக்கு எத்தனை ஜோடி முடிக்கவேண்டும், அந்த எண்ணிக்கை ஆறு மாதத்தில் எத்தனை தடவை ஏறுகிறது. கழிப்பறைக்குப் போக யாரிடம் அட்டை வாங்கவேண்டும். சங்கம் என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொல்ல முடிகிறதா. சம்பளம் வருகிற வங்கி அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது. முதல் மாதச் சம்பளத்தில் அவள் தனக்கென்று வாங்கியது என்ன.

இதில் எதற்கும் பன்னாட்டு மூலதனம் பற்றிய சித்தாந்தம் தேவையில்லை, அது பிறகு வரட்டும். சேலம் சாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள். ஆனால் கேட்கிறவன் உதட்டைச் சுளிக்காமல் கேட்கவேண்டும். நண்பர் வருவதானால் சின்னசேலத்தில் என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.